முந்திரி ஆலைத் தரையில் எபாக்ஸி உரிகிறது: மேலே இன்னொரு பூச்சு அடிக்கலாமா?

குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடைப்பட்ட கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

தந்தை நடத்திவந்த சிறிய முந்திரி ஆலையை இப்போது இவர் நடத்துகிறார். கடல் அரை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு 1,800 சதுர அடியில் புதுக் கட்டடம் கட்டினார்கள். மணலும் சரல் மண்ணும் நிரப்பி, அதன்மேல் 4 அங்குலக் கான்கிரீட் போட்டு, சிமெண்ட் பால் விட்டு வழவழப்பாக மெழுகிய தரை. அடியில் பாலித்தீன் விரிப்பு போடவில்லை. உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்க வேண்டுமானால் எபாக்ஸித் தரை (பிசினும் அதை இறுகச் செய்யும் ஹார்டனரும் கலந்து ஊற்றும் பூச்சு) கட்டாயம் என்று யாரோ சொல்ல, சென்ற ஐப்பசியில் வெளிமாவட்ட ஒப்பந்ததாரர் ஒருவரை அழைத்து, ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய் செலவில் எல்லா அறைகளிலும் பூச்சு போட்டார். தரையை ஆசிட் ஊற்றிக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்து, மறுநாளே 2 மில்லிமீட்டர் மேற்பூச்சை ஊற்றியிருக்கிறார்கள். தை மாதத்துக்குள் தரையில் வெண்மை படர்ந்தது. பிறகு பேக்கிங் அறையில் கொப்புளங்கள். கொட்டை வேகவைக்கும் அறையில் பூச்சு தகடு தகடாகக் கழன்று வருகிறது. "கடல்காற்றுக்கு இப்படித்தான் ஆகும், பாதி விலையில் மேலே இன்னொரு கோட் அடித்துத் தருகிறேன், ஆடிக்குள் முடித்துவிடலாம்" என்கிறாராம் ஒப்பந்ததாரர். வளைகுடாவில் இருக்கும் மைத்துனரோ எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு டைல்ஸ் பதிக்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா, கட்டடத்துக்கு இரண்டு வயது ஆகியும் தரையில் ஈரம் எப்படி வரும் என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரி,

முதலில் அவசரமான ஒன்று. மேலே இன்னொரு கோட் அடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், பாதி விலைக்கும் வேண்டாம், இலவசமாகச் செய்து தருவதாகச் சொன்னாலும் வேண்டாம். பிடிப்பு விட்ட பூச்சின்மேல் போடும் எதுவும் அந்தப் பூச்சோடு சேர்ந்தே எழும்பும். உங்கள் தரையின் நோய் கான்கிரீட்டின் மேற்பரப்பிலும் அதற்கு அடியிலும் இருக்கிறது. அது என்னவென்று அளந்து பார்க்காமல் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

கடல்காற்றின்மேல் பழி போடுவதும் சரியில்லை. மீன் பதப்படுத்தும் கூடங்களிலும் கப்பல்களிலும் எபாக்ஸி வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. கடலோரத்தில் எபாக்ஸி நிற்காது என்பது பொய், எங்கும் போடுவது போலவே கடலோரத்திலும் போட்டால் நிற்காது என்பதே உண்மை. கோவையிலோ திருநெல்வேலியிலோ வறண்ட காற்றில் பழகிய கை இங்கே வந்து அதே கணக்கில் வேலை செய்தால் இதுதான் நடக்கும். நம் குமரி மாவட்டத்துக்குள்ளேயே ஆரல்வாய்மொழியில் காற்று உலர்த்துவதும் குளச்சலில் உலர்த்துவதும் ஒன்றாகாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே பெய்யும் ஊர் நம்முடையது. அந்த இரண்டாவது மழையின் நடுவில், ஐப்பசியில், உங்கள் தரைக்குப் பூச்சு போட்டிருக்கிறார்கள்.

இரண்டு வயதுக் கான்கிரீட்டில் ஈரம் எப்படி வரும்?

கான்கிரீட் போட்டு 28 நாள் கழிந்தால் எபாக்ஸி அடிக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 28 நாள் என்பது கான்கிரீட் தன் வலிமையை எட்டுவதற்கான கணக்கு. அது உலர்வதற்கான காலம் வேறு. நல்ல உலர்ந்த சூழலில்கூட ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்பது கட்டடத்துறையின் பொதுக் கணக்கு. அதுவும் அடியிலிருந்து புது ஈரம் ஏறாதபோதுதான் பொருந்தும்.

உங்கள் தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கிறது. சரல் மண்ணின் நுண்துளைகள் வழியாக நிலத்தடி நீர் மேலே இழுக்கப்படுகிறது. அதைத் தடுக்கும் பாலித்தீன் விரிப்பும் இல்லை. வெறும் சிமெண்ட் தரையாக இருந்தவரை அந்த ஈரம் ஆவியாகி உங்கள் கண்ணில் படாமலே வெளியேறிக்கொண்டிருந்தது. எபாக்ஸி ஆவி புகாத போர்வை. அதை மேலே இழுத்து மூடியதும் ஈரம் போக வழியில்லாமல் பூச்சுக்குக் கீழே தேங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. திறந்து கிடக்கும் கான்கிரீட் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாக உலராது. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 70 சதவீதத்துக்கு மேலும் மழை மாதங்களில் 80 சதவீதத்தைத் தாண்டியும் நிற்கும் ஊரில், அறையை மூடி ஈரம் நீக்கும் இயந்திரம் வைக்காமல், எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் தரையின் ஈரம் அந்த அளவுக்குக் கீழே இறங்காது. சாதாரண எபாக்ஸிகளுக்குக் கான்கிரீட்டின் உள்ளே இருக்கும் ஈரப்பதம் 75 முதல் 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றே பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். நம் கடற்கரையில் ஒரு தரை இயல்பாக நிற்கும் இடமே அந்த எல்லைக்கோடுதான்.

இதோடு உப்பு சேர்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். வீட்டில் உப்பு ஜாடியில் நாம் காண்பதுதான். நிரப்பிய மணலிலோ கலவையிலோ உப்பு இருந்தாலும், காற்றோடு வந்து தரையில் படிந்திருந்தாலும், தரை எப்போதும் நனைந்தே இருக்கும்.

ஆசிட் கழுவல் இதை இன்னும் கெடுத்திருக்கும் என்று அஞ்சுகிறேன். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிமெண்டில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் குளோரைடாகிறது. ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே பயன்படுத்தப்படும் பொருள் அது. ஏராளமான தண்ணீர் விட்டு அலசி முற்றிலும் அகற்றாவிட்டால் பூச்சுக்கு அடியிலேயே தங்கிவிடும். அலசினாலோ தரை முழுக்க நீர் குடிக்கும். இரண்டு நாளில், அதுவும் ஐப்பசி மழையில், அந்த நீர் எங்கே உலர்ந்திருக்கப் போகிறது? தரையைத் தயார் செய்ய ஆசிட் ஊற்றும் வழக்கத்தை நம் பக்கத்தில் முற்றிலும் கைவிட வேண்டும். வைரக்கல் பதித்த கிரைண்டரால் உலர்வாகத் தேய்ப்பதே சரியான வழி.

உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள்

ஆய்வகத்துக்குப் போகும் முன் நீங்களே கண்டறியக்கூடியது நிறைய இருக்கிறது. கழன்று வந்த ஒரு தகட்டைக் கையில் எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சாம்பல் நிறச் சிமெண்ட் தூளோ மெல்லிய சிமெண்ட் படலமோ ஒட்டியிருந்தால், எபாக்ஸி நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, அது பிடித்துக்கொண்ட சிமெண்ட் பால் படலம் கான்கிரீட்டிலிருந்து விட்டுப்போயிருக்கிறது. நம் கொத்தனார்கள் பெருமையோடு போடும் அந்த வழவழப்பான மெழுகல் நடப்பதற்கு நல்லது. பூச்சுக்கு ஆகாது, சல்லி மணல் தெரியும்வரை அதைத் தேய்த்து எடுத்திருக்க வேண்டும். அடிப்பக்கம் கண்ணாடிபோலப் பளபளப்பாக, ஒன்றும் ஒட்டாமல் இருந்தால், பூச்சு போட்ட அன்று தரையில் ஈரமோ எண்ணெயோ இருந்திருக்கிறது. தரையில் பிரைமர் அப்படியே இருக்க, மேற்பூச்சு மட்டும் கழன்றிருந்தால் கோளாறு இரண்டு பூச்சுகளுக்கும் நடுவில் இருக்கிறது.

கொப்புளம் ஒன்றை ஊசியால் குத்துங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் உள்ளே அழுத்தத்தோடு நிற்கும் நீர் காரத்தன்மை மிக்கதாக இருக்கக்கூடும். நீர் வந்தால் அடியிலிருந்து ஈரமும் உப்பும் சேர்ந்து தள்ளுகின்றன என்று கொள்ளலாம். நீரே இல்லாமல் வெறும் காற்றுக் கொப்புளமாகவோ ஊசித்துளைகளாகவோ இருந்தால், காலையில் பூச்சு போட்டிருக்கிறார்கள். வெயில் ஏற ஏறக் கான்கிரீட் சூடாகி, உள்ளிருந்த காற்று விரிந்து, காயாத பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியேறியிருக்கிறது.

வெண்மையைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடைத்துப் பாருங்கள். மெழுகுபோல வழுக்கிக்கொண்டு போனால், ஹார்டனரில் உள்ள அமைன் என்னும் பொருள் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேற்பரப்பில் உண்டாக்கிய படலம் அது. பிரைமரின்மேல் அந்தப் படலம் இருந்து, அதைக் கழுவித் தேய்க்காமல் மறுநாளே மேற்பூச்சை ஊற்றியிருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. மாறாக, விரிசல்களின் ஓரம் உப்புத்தூள் போலப் பூத்திருந்தால் அது கீழிருந்து ஏறி வந்தது.

இவற்றை அறை வாரியாக எழுதி, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததில், பேக்கிங் அறையில் ஒரு காரணமும் வேகவைக்கும் அறையில் வேறொரு காரணமும் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அடுத்து அளவீடு. பூச்சை ஓரிடத்தில் சுரண்டி எடுத்துவிட்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடித் தடித்த பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டு எடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளியோ, தரை கருத்தோ தெரிந்தால் ஈரம் இருப்பது உறுதி. ஒன்றும் தெரியாவிட்டால் ஈரம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், இந்தச் சோதனை அவ்வளவு நுட்பமானதில்லை. நம்பகமானது, தரையில் துளையிட்டு உள்ளே உணரியை வைத்து அளப்பது. ஒரு பக்கம் மட்டும் உலரும் தளத்துக்குக் கனத்தில் 40 சதவீத ஆழம், அதாவது உங்கள் 4 அங்குலத் தளத்தில் சுமார் 1.6 அங்குலம் துளையிட்டு, மூடி, குறைந்தது 24 மணி நேரம் கழித்துப் படிக்க வேண்டும். துளையிடும்போது வரும் தூளைச் சேர்த்து, உப்பின் அளவைக் காட்டும் குளோரைடு சோதனைக்கும் கொடுத்துவிடுங்கள். பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறை ஆய்வகங்களில் கேட்டுப் பாருங்கள். இந்தச் செலவு நீங்கள் ஏற்கெனவே இழந்ததில் ஒரு சிறு பகுதிதான்.

கிணற்றையும் மறக்காதீர்கள். ஆலைக்குப் பக்கத்துக் கிணற்றில் நீர் மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது என்று இப்போதும், ஐப்பசி கார்த்திகையிலும் கயிறு விட்டு அளந்து குறித்து வையுங்கள். மழைக்காலத்தில் நீர் தரைமட்டத்தை நெருங்கி வருகிறதென்றால், எந்தப் பூச்சைப் பற்றிப் பேசும் முன்பும் கட்டடத்தைச் சுற்றி நீர் வடிய வழி செய்தாக வேண்டும். கூரைத் தகட்டிலிருந்து விழும் மழைநீர் சுவரோரத்திலேயே இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். பீலி பொருத்தி நீரைத் தள்ளி விடுவதும், சுவரைச் சுற்றி இரண்டு மூன்று அடிக்குச் சரிவான சிமெண்ட் தளம் போடுவதும் பெரிய செலவில்லாத வேலைகள். இவற்றால் தரையின் ஈரம் முழுதும் போய்விடாது, ஆனால் கணிசமாகக் குறையும். முதலில் இதைச் செய்யுங்கள்.

உரிமத்துக்கு எபாக்ஸி கட்டாயமா?

இல்லை. உணவு வணிக உரிமத்துக்கான 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணை கேட்பது, தரையும் சுவரும் நல்ல நிலையில், வழவழப்பாக, எளிதில் கழுவக்கூடியதாக, பூச்சு உதிராமல் இருக்க வேண்டும் என்பதைத்தான். எபாக்ஸி அதற்கான பல வழிகளில் ஒன்று. அந்த அளவுகோலின்படி, உரிந்துகொண்டிருக்கும் எபாக்ஸித் தரையைவிடப் பழுதில்லாத சிமெண்ட் தரையே மேல். பருப்போடு பிளாஸ்டிக் துணுக்கு கலந்து டின்னில் போய்விட்டால் உங்கள் தந்தை காலம் முதல் சேர்த்த நற்பெயர் என்னாகும்? எனவே பேக்கிங் அறையில் எழும்பி நிற்கும் பகுதிகளை விடுமுறை நாள் பார்த்து இந்த வாரமே சுரண்டி எடுத்து, ஓரங்களையும் பிடிப்புள்ள இடம்வரை வெட்டிவிடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. அதுவரை அந்தப் பகுதிக்கு மேல் மேசை போட்டுப் பருப்பைக் கையாள வேண்டாம்.

அறைக்கு அறை முடிவு வேறு

வேகவைக்கும் அறைக்கு எபாக்ஸியைத் தேர்ந்ததே தவறு. அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்ஸிகள் சுமார் 50, 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். நீராவியும் கொதிநீரும் படும் இடத்தில் அவை கான்கிரீட்டைவிட அதிகமாக விரிந்து சுருங்கி, பிடிப்பை அறுத்துக்கொள்ளும். இங்கே பொருத்தமானது பாலியூரித்தேன் கான்கிரீட் எனப்படும் தடித்த தரை. சிமெண்டும் பாலியூரித்தேனும் கலந்த அது கான்கிரீட்டோடு ஏறத்தாழ ஒத்து விரியும், ஈரமான தளத்தையும் பெருமளவு பொறுத்துக்கொள்ளும். கனம் கூடக்கூட அது தாங்கும் வெப்பமும் கூடும், நீராவி அறைக்கு 9 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். எபாக்ஸியைவிட விலை கூடுதல்தான். ஆனால் அந்த அறை சிறியது. பணம் அதற்குக்கூடப் போதாது என்றால் வடிகால் சரிவோடு கிரானைட் பலகை பதித்து, இணைப்புகளை நெருக்கமாக அடைத்துவிடுங்கள்.

பேக்கிங், தரம் பிரிக்கும் அறைகளில் எபாக்ஸிக்கு இடம் உண்டு, அளவீட்டு முடிவைப் பொறுத்து. இருப்பதை முழுவதும் தேய்த்து எடுத்து, உப்பு இருந்தால் நன்னீரால் கழுவி உறிஞ்சி, அறையை மூடி ஈரம் நீக்கும் இயந்திரத்தை ஓட்டி உலர்த்த வேண்டும். அப்போதும் உள் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டி நின்றால் சாதாரண பிரைமர் கூடாது. ஈரத்தைத் தாங்கும் கரைப்பான் இல்லாத பிரைமரோ, எபாக்ஸியும் சிமெண்டும் கலந்த மூன்று பகுதிக் கலவையோ ஈரத்தடுப்பாக முதலில் போட்டு, அதன்மேல்தான் பூச்சு வர வேண்டும். எத்தனை சதவீத ஈரம்வரை தாங்கும் என்பது அந்தந்தப் பொருளின் தரவுத்தாளில் இருக்கும். அதை நீங்களே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி. நீங்கள் விற்றுவிடும் முந்திரித் தோட்டின் எண்ணெயிலிருந்து கார்டனால் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அதைக்கொண்டு பீனால்கமைன் என்னும் எபாக்ஸி ஹார்டனரைத் தயாரிக்கிறார்கள். ஈரக்காற்றிலும் நன்றாக இறுகும், வெண்படலம் குறைவாகவே உண்டாக்கும் என்பதால் கப்பல் பூச்சுகளில் இதற்கு மதிப்பு அதிகம். நிறம் மங்கலாக இருப்பதாலும் வெளிச்சத்தில் மஞ்சளாவதாலும் மேற்பூச்சுக்கு விரும்பமாட்டார்கள், பிரைமருக்கு நன்று. விலைப்புள்ளி கேட்கும்போது பீனால்கமைன் வகைப் பிரைமர் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

மைத்துனர் சொல்லும் டைல்ஸை நான் தள்ளிவிடமாட்டேன். சிமெண்ட் அடிப்படையிலான ஒட்டுக்கலவையில் பதிக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் தரையின் ஈரத்தை எபாக்ஸியைவிட நன்றாகப் பொறுக்கும். பழுதானால் ஒன்றிரண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் டின்களை ஏற்றிய தள்ளுவண்டியின் இரும்புச் சக்கரம் ஓடும் இடத்தில், அடியில் பொள்ளலாக விட்ட மூலைகள் உடையும். இணைப்புகளில் பருப்புத் தூள் தங்கினால் எறும்பும் பூச்சியும் வரும். சக்கரங்களை நைலானுக்கு மாற்றி, இணைப்புகளில் எபாக்ஸி கிரவுட் அடைப்பதானால் தரம் பிரிக்கும் அறைக்கு அது நல்ல தேர்வே. உள் ஈரம் மிக அதிகம் என்று சோதனையில் வந்தால் நான் டைல்ஸ் பக்கமே சாய்வேன். தோட்டை உலர்த்தும் முற்றத்துக்கும் வராந்தாவுக்கும் ஒன்றும் வேண்டாம். வெயில் படும் இடத்தில் எபாக்ஸி மஞ்சளாகும், வெறும் சிமெண்டே போதும்.

எப்போது, எந்த நேரத்தில்

ஆடிக்குள் முடிக்கலாம் என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு மிகவும் கவலை. பூச்சு போடும்போதும் காயும்போதும் தரையின் வெப்பநிலை, பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். பனிநிலை என்பது காற்றில் உள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 26 டிகிரி. தரை 29 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் வேலை தொடங்கலாம். மழை நாளின் மாலையில் காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வையுங்கள். பனிநிலை சுமார் 25 ஆகிவிடும், தரை 28 ஆக இருக்க வேண்டும். காற்றே 27தான் இருக்கும்போது தரை எப்படி 28 ஆகும்? அந்த வேளையில் எவ்வளவு விலை உயர்ந்த எபாக்ஸியை ஊற்றினாலும், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலத்தின்மேல்தான் ஊற்றுகிறோம்.

நேரத்திலும் ஓர் இக்கட்டு உண்டு. காலையில் போட்டால் சூடாகும் கான்கிரீட்டின் காற்று பூச்சைத் துளைக்கும். மாலையில் போட்டால் இரவு ஈரம் காயாத பூச்சின்மேல் படிந்து வெண்படலம் ஆகும். நான் சொல்லும் வழி, பிப்ரவரி மார்ச் மாதங்களில், பிற்பகல் இரண்டு மணிக்குமேல், தரையின் வெப்பம் இறங்கத் தொடங்கிய பிறகு ஊற்றுவது. கதவு சன்னல்களை மூடி, இரவு முழுவதும் ஈரம் நீக்கும் இயந்திரம் ஓடட்டும். உலர்த்துவதற்கென்று மண்ணெண்ணெய் அடுப்போ கரி அடுப்போ அறைக்குள் வைக்க விடாதீர்கள். எரியும் இரண்டுமே கரியமில வாயுவையும், மண்ணெண்ணெயானால் ஈரத்தையும் சேர்த்து வெளியிட்டு, வெண்படலத்துக்கு வேண்டியதைக் கொண்டுவந்து சேர்க்கும். கொட்டை வேகவைக்கும் கொப்பரையையும் அந்த நாட்களில் நிறுத்தியாக வேண்டும்.

புது ஒப்பந்ததாரரிடம் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்:

- பூச்சுக்கு முன் எடுத்த உள் ஈர அளவு, ஒவ்வொரு பூச்சின்போதும் காற்று வெப்பம், ஈரப்பதம், தரை வெப்பம், பனிநிலை ஆகியவற்றின் குறிப்பு, இருவர் கையொப்பத்தோடு.
- ஆசிட் கழுவல் கிடையாது, கிரைண்டிங் மட்டும். தயார் செய்த தரையிலும் பூச்சிலும் இழுப்புச் சோதனையில் சதுர மில்லிமீட்டருக்கு குறைந்தது 1.5 நியூட்டன் பிடிப்பு.
- உத்தரவாதத்தில் "கீழிருந்து வரும் ஈரத்தால் ஏற்படும் சேதம் நீங்கலாக" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். இருந்தால் நம் ஊரில் அந்த உத்தரவாதத்துக்குப் பெரிதாக மதிப்பில்லை.
- தொகையில் ஒரு பகுதி, அடுத்த மழைக்காலம் கழிந்த பிறகே.

இழந்த பணம்

நான் கட்டடப் பொறியாளன், எனவே சட்டத்தில் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவைக்கு நுகர்வோர் என்ற உரிமை கிடையாது. சுயதொழிலில் வாழ்வாதாரம் தேடுவோருக்கு மட்டுமே விலக்கு. பணியாளர்களை வைத்து நடத்தும் ஆலையை எதிர்த்தரப்பு வணிக நோக்கம் என்றே வாதிடும். உங்கள் நிலைமை எந்தப் பக்கம் விழும் என்பதை வழக்கறிஞர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆணையத்துக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டுகள், உரிமையியல் நீதிமன்றத்தில் ஒப்பந்த மீறலுக்கு மூன்று ஆண்டுகள். எதுவானாலும் முதலில் ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். என்ன பழுது, எப்போது தெரிந்தது, என்ன சோதனை முடிவு, என்ன கேட்கிறீர்கள் என்பது அதில் இருக்கட்டும். இதுவரை பேசியதெல்லாம் தொலைபேசியில் என்பதால் இந்தக் கடிதம் மிகவும் முக்கியம்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். தரைக்கு அடியில் விரிப்பு இல்லாததற்கு அந்த ஒப்பந்ததாரர் பொறுப்பாக மாட்டார், அது கட்டடம் கட்டிய காலத்துக் குறை. ஈரத்தை அளக்காமல் பூச்சு போட்டது, மழையில் போட்டது, ஆசிட் ஊற்றியது, நீராவி அறைக்கு எபாக்ஸியைத் தேர்ந்தது ஆகியவை அவருடைய பொறுப்பு. அறிந்த தொழிலாளி அளந்து பார்த்து, "இங்கே வேண்டாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். முழுத் தொகையையும் திரும்பப் பெறுவது கடினம். கிரைண்டிங் செலவையும் ஒரு பகுதித் தொகையையும் சமரசமாகப் பெற முடிந்தால் அதை ஏற்றுக்கொள்ளவே நான் சொல்வேன். வழக்குக்கு முன்பே பேசித் தீர்க்க மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். எக்காரணம் கொண்டும், ஈடாக அதே ஆள் வந்து மறுபூச்சு போட்டுத் தருவதை மட்டும் ஏற்காதீர்கள். படமும் சோதனை முடிவும் கைக்கு வரும்முன் தரையை முழுதாகத் தேய்த்துவிடவும் வேண்டாம், சான்று அதோடு போய்விடும்.

தேய்க்கும் நாள் வரும்போது உங்கள் ஆலையில் வேலை செய்யும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். தூசி உறிஞ்சும் கருவி பொருத்திய கிரைண்டர்தான் வர வேண்டும், தேய்ப்பவர்களுக்கு முறையான முகமூடி வேண்டும், மூக்கில் கட்டும் துண்டு போதாது. பருப்பு மூட்டைகள் அனைத்தும் வேறு கட்டடத்தில் இருக்கட்டும். காயாத எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை பிடித்தால் அது வாழ்நாள் முழுதும் போகாது. ஏற்கெனவே தோட்டெண்ணெயில் புண்பட்ட கைகள் அவை. பூச்சு போட்ட பிறகு ஏழு நாள்வரை அந்த அறைகளில் நீர் ஊற்றிக் கழுவுவதோ பளு ஏற்றுவதோ வேண்டாம். அந்த நாட்களுக்கான கூலியையும் இப்போதே செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.